இரண்டாம் வாயில்

பதினேழு வயதில் ஒருவர் பெற்ற மதிப்பெண்களை அவரைப் பற்றிய இறுதித் தீர்ப்பாகக் கொள்வது நீதியாகுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960ஆம் ஆண்டில் இவ்வினாவிற்குத் தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தின் வாயிலாக ஒரு விடை தர முயன்றது. உயர்நிலைப் பள்ளியை முடிப்போருள் முன்னணியில் நிற்கும் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளும் என்று வகுத்தது அத்திட்டம். எஞ்சியோர்க்கும் வழியுண்டு, ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் எவர்க்கும் திறந்திருக்கும். நம்மிடையே இப்பெயர் தொழிற்பயிற்சியையே நினைவூட்டும். அங்கோ, அக்கல்லூரியில் பயின்று பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிலேயே சேரலாம்.

ஆக, வாயில்கள் இரண்டு. பள்ளியிலிருந்து நேரே முதலாண்டிற்கு விண்ணப்பிப்பவரிடம் பல்கலைக்கழகம் 10, 11ஆம் வகுப்புகளில் பெற்ற மதிப்பெண்களைக் கேட்கிறது. சமுதாயக் கல்லூரியிலிருந்து வருபவர் 60 செமஸ்டர் அலகுகளை முடித்துத் தம் கல்லூரி மதிப்பெண்களைக் காட்டினால் போதும். பள்ளியில் அவர் எப்படிப் படித்தார் என்பது பொதுவாக எடைபோடப்படுவதில்லை. ஒரு பெரும் நிறுவனம் மனமறிந்து மறக்கிறது! இத்தகைய மறதி மனிதர்க்கே அரிது. பட்டச் சான்றிதழும் எந்த வாயிலால் நுழைந்தார் என்று பேசுவதில்லை.

'பதினான்கு வயது முதல் உறக்கத்தைத் துறந்து படித்தவன் நான். அன்று விளையாடித் திரிந்தவன் என்னருகே அமர்வதா?' என்று முதல் வாயிலால் வந்தவர் கேட்கக்கூடும். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், பின்னவர் அனைவரும் விளையாடித் திரிந்தவர்கள் என்று யார் சொன்னது? தாயின் நோய், வீட்டு வாடகை, தம்பி தங்கையர் என்ற சுமைகளோடு பள்ளி சென்றவரும் அவர்களுள் உண்டு. உண்மையிலேயே திரிந்தவராயினும், திருந்தி ஈராண்டு உழைத்த உழைப்பு உழைப்பில்லையா?

எனினும் என் மனம் உறுத்துவது வேறோர் இடத்தில். அதே 1960ஆம் ஆண்டில், பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார் இத்தகைய கல்லூரிகளை ஆராய்ந்து கசப்பான ஒன்றைச் சொன்னார். எவரையும் உள்ளே விடும் கல்லூரி, பலரது ஆசையை மெல்ல மெல்ல ஆற வைக்கும் இடமாகவும் இருக்கிறது. தோற்றவர் அமைப்பை நோகாமல் தம்மையே நொந்துகொள்கிறார் என்பது அவர் கருத்து. இன்றும், மாறிச் செல்லும் எண்ணத்தோடு சேர்வோருள் பெரும்பாலோர் அவ்வாறு செல்வதில்லை. ஒரு வளாகம் ஏற்கும் பாடத்தை மற்றொன்று ஏற்பதில்லை, வழிகாட்டுவோரும் சிலரே. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த ஈராண்டுப் பட்டம் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி என்றது. ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதியில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அது கட்டுப்படுத்தவும் இல்லை. கதவைத் திறந்து வைத்தவர் பாதையைப் புதர் மண்ட விட்டால், திறந்ததற்கான நன்றியை எவ்வளவு பெறத் தகுவார்?

நவம்பர் மாதத்து இரவொன்றில் இருவரும் விண்ணப்பம் எழுத அமர்கின்றனர். ஒருவரின் கட்டுரையை ஆசிரியரும் பெற்றோரும் முன்னரே படித்துத் திருத்தியிருக்கின்றனர். மற்றவர் கடை வேலை முடிந்து வந்து, ஈராண்டுக்கு முன் படித்த புள்ளியியல் பாடம் ஏற்கப்படும் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.