பாட்டி பிறந்த ஊர்

2025 ஜூன் 10. புந்தோங்கில் மாமா வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்து மலேசியா – வியட்நாம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே. முட்டிவலிக்காரரான மாமா மூன்றாவது கோலுக்கு எழுந்தே நின்றுவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நாலுக்குப் பூஜ்யம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வியட்நாமை ஜெயிக்கிறோம், கத்தாமல் என்ன செய்வது?

மூன்றாவது ஆள் கத்தவில்லை. தரையில் சம்மணம் போட்டு, பந்து போகும் பக்கம் பார்க்காமல் திடலின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். இந்தக் கட்டுரையில் அவனை ‘எட்டு’ என்று அழைக்கிறேன். அவன் போட்ட ஜெர்சி எண் அது. எங்கள் தோட்டத் திடலில் அவன்தான் மத்தியத் திடல் ஆட்டக்காரன்.

செப்டம்பர் 26 அன்று பிஃபா தீர்ப்புச் சொன்னது. அந்த ஆட்டத்தில் இறங்கிய ஏழு பேரின் தாத்தா பாட்டி பிறப்புப் பத்திரங்கள் போலி. அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் பிறந்தவர்கள் அவர்கள். தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒருவர் ஆடலாம் என்பது விதி. அதற்காகப் பினாங்கிலும் மலாக்காவிலும் சில தாத்தா பாட்டிகள் பிறக்க வைக்கப்பட்டார்கள். ஹெக்டர் ஹெவல் என்ற நெதர்லாந்து மத்தியத் திடல் ஆட்டக்காரரின் தாத்தா மலாக்காக்காரர் என்றது நம் தாள். அவர் தி ஹேக் நகரில் பிறந்தவர் என்றது அசல் பத்திரம். மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 2,000 பிராங்க், 12 மாதத் தடை. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நான்கு கோலில் இரண்டு, அந்த ஏழு பேரில் இருவர் அடித்தவை. என் சத்தத்தில் பாதி வீண்.

வாட்ஸ்அப்பில் சிரித்துத் தீர்த்தோம். ‘என் பாட்டி பிரேசில்லயா பால் வெட்டுனாங்க?’ என்று நானும் ஒன்று எழுதினேன். எழுதி முடித்த கையோடு அப்பாவின் ஐ.சி. ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவின் ஐ.சி.யில் உள்ள பிறந்த தேதி பொய். செக்ரோலில் பெயர் ஏறினால்தான் பெரிய ஆள் சம்பளம். அதற்காகத் தாத்தா கிராணியைப் பிடித்து வயதில் இரண்டைக் கூட்டினார். ஒரு கோழி கைமாறியது என்பது குடும்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதை. ஆக, நான் பொய்த்தாள் சோறு தின்று வளர்ந்தவன். பிறகு எந்த வாயால் சிரிக்கிறேன்?

வள்ளுவர் வாய்மை அதிகாரத்துக்குள்ளேயே பொய்க்கும் ஓரிடம் விட்டு வைத்திருக்கிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால். தாத்தாவை நான் உடனே அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். பசிக்காகச் சொன்ன பொய், யாரையும் கெடுக்காத பொய். அதுவுமில்லாமல் அதன் விலையை அப்பாவே கட்டினார். கூட்டிய இரண்டு வருஷத்தால், இன்னும் தெம்பு இருந்தபோதே ‘வயசாயிடுச்சு’ என்று தோட்டம் அவரை அனுப்பிவிட்டது.

ஆனால் இது எனக்கு வசதியான கணக்கு என்று சந்தேகமாகவும் இருக்கிறது. அப்பா பெயர் ஏறிய அன்றைக்கு வேறு எந்தப் பையனின் பெயர் ஏறாமல் போனது? அந்த வீட்டில் இந்தக் கோழிக்கதையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள்.

அந்த ஏழு பேர் மீதும் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. கால் இருக்கும்வரை எந்த ஊரில் கூலி நல்லதோ அந்த ஊருக்குப் போகிறவர்கள். கப்பலேறிப் பேராக்குக்கு வந்த என் கொள்ளுத்தாத்தாவும் அதைத்தான் செய்தார். அவர் பிறந்த ஊரைக் கேட்டால் ‘நாமக்கல் பக்கம்’ என்பதோடு என் வம்ச அறிவு முடிந்துவிடும். தன் தாத்தா எங்கே பிறந்தார் என்று தெரியாமல் ஒருவன் இருக்க முடியாதா என்ன?

பிறந்த இடத்துக்கும் ஆடும் சட்டைக்கும் உள்ள உறவே வேடிக்கையானது. நார்வேயின் எர்லிங் ஹாலாந்து 2000-இல் பிறந்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். அவன் அப்பா ஆல்ஃபி ஹாலாந்து அங்கே மத்தியத் திடலில் ஆடிக்கொண்டிருந்தார். வெளியூரில் கூலி வேலை பார்த்தவரின் பிள்ளைதான், ஆனால் அவன் நார்வேக்காரனா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அப்பாவின் பெயர் நார்வே ஏட்டில் இருக்கிறது, அது போதும்.

எட்டின் கதைக்கு வருகிறேன். அவன் அம்மாவும் எங்கள் தோட்ட லயத்தில்தான் பிறந்தார். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி; பதிந்து வைக்க யாரும் போகவில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் வாங்கினால்தான் மரம் சீவலாம் என்றானபோது, பயந்துபோன பலர் ஊருக்கே கப்பலேறினார்கள். அந்தக் குடும்பம் போகவில்லை. அம்மாவுக்குக் கடைசிவரை நீல ஐ.சி. கிடைக்கவில்லை. அப்பா நீல ஐ.சி.காரர். கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். 1982-இலிருந்து திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது தாலி கட்டிய யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் வழிதான். எட்டின் பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று எழுதியிருக்கிறது.

பதிமூன்று வயதில் மாநில அளவிலான பள்ளி ஆட்டத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈப்போவுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டே, ‘பேப்பர் இல்லாம அனுப்ப முடியாதுய்யா’ என்றார். அவன் இடத்தில் போனவன் நான். மத்தியத் திடலில் எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். பஸ்சில் வாங்கித் தந்த நாசி லெமாக்கைப் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை அவனுக்குக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவன் அம்மா இங்கேதான் பிறந்தார் என்று சொல்ல மருத்துவச்சி இருந்தாள், லயமே இருந்தது. கையெழுத்துப் போட்ட சத்தியக் கடிதத்தோடு ஒரு அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தார்கள். ‘அசல் வேணும்’ என்பதே பதில். இந்தப் பக்கம், தேசியப் பதிவு இலாகா தாத்தா பாட்டிகளின் அசல் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை, இரண்டாம் நிலை ஆவணங்களை வைத்துத்தான் உறுதி செய்தது என்று பிஃபாவின் தீர்ப்பு எழுதுகிறது. என்னை உறுத்துவது போலி முத்திரைகூட இல்லை, இந்த இடம்தான். அசல் இல்லாமலும் நம்ப முடியும் என்பது அரசாங்கத்துக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. யார் கோல் அடிப்பார்களோ அவர்களை நம்பியிருக்கிறது. எட்டு அடித்திருக்க மாட்டானா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் நானும் அதே தராசைத்தான் தூக்குகிறேன். அவன் மோசமான ஆட்டக்காரனாக இருந்திருந்தாலும் அவன் அம்மா அந்த லயத்தில்தானே பிறந்தார்.

அந்த லயம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, திடலில் பாதி தாமானுக்குப் போய்விட்டது. எட்டு மெங்லெம்புவில் கார் கழுவுகிறான். முதலாளி அவனுக்குக் கையில்தான் சம்பளம் தருவார். பேங்க் கணக்குத் திறக்கத் தாள் இல்லை.

தீர்ப்பு வந்த வாரம் அவனைப் போய்ப் பார்த்தேன். கோபப்படுவான், அதை எழுதலாம் என்று ஒரு கணக்கோடுதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஒரு வேனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டான்.

‘அந்த நெதர்லாந்துக்காரன ஒரு வருஷம் வெளாட விட மாட்டாங்களாமே?’

‘ஆமாண்டா. போலித் தாளு.’

‘பாவம்டா. பந்து கால்ல வர்றதுக்கு முன்னாலயே திரும்பிப் பாத்துக்குவான், கவனிச்சியா? அது சொல்லிக்குடுத்து வராது.’

குழாயைத் திறந்துவிட்டான். என் சட்டையில் தண்ணீர் தெறித்ததும் தள்ளி நிற்கச் சொன்னான்.