அவயவமும் அவயவியும்: வால்வு மாற்றிய இதயம் எழுப்பும் வினா

முழுமை என்பது உறுப்புகளின் தொகுப்புக்கு இடப்பட்ட பெயரா, அன்றி அவற்றின் வேறான தனிப்பொருளா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் விவாதித்த வினா. மிலிந்தன் என்னும் கிரேக்க வழி மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த 'மிலிந்த பஞ்ஹ' என்ற பாலி நூலில், சக்கரமோ அச்சோ நுகமோ தனித்தனியே தேர் ஆகாது, அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று நாகசேனர் நிறுவுகிறார். நியாய, வைசேடிக மரபினரோ, உறுப்புகளில் உறைந்தும் அவற்றின் வேறாக நிற்கும் 'அவயவி' என்னும் முழுப்பொருள் உண்மையில் உளது என்று வாதிட்டனர். மிட்ரல் வால்வு மாற்றப்பட்ட இதயம் இவ்விரு நிலைப்பாடுகளையும் தேரைவிடக் கடுமையாகச் சோதிக்கிறது.

மிட்ரல் வால்வு, இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரத்தம் ஒரு திசையில் மட்டும் செல்லுமாறு திறந்து மூடும் ஈரிதழ் அமைப்பு. இதழ்களிலிருந்து இறங்கும் மெல்லிய நாண்கள், கீழறைச் சுவரிலிருந்து எழும் பாப்பில்லரி தசைகளில் சென்று முடிகின்றன. 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் கூண்டுக்குள் பந்து அமைந்த செயற்கை வால்வை வெற்றியுடன் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். அக்கால மருத்துவர்கள் வால்வைக் கதவாகவே கண்டதால், இதழ்களோடு நாண்களையும் வெட்டி அகற்றினர். சரியாக மூடாத வால்வின் வழியே இரத்தம் பின்னோக்கிப் பாய்ந்த கசிவு நின்றது, ஆயினும் பலருக்குக் கீழறை தளர்ந்துபோயிற்று.

அத்தளர்ச்சியின் ஒரு பகுதி நோய்க்குள்ளேயே மறைந்திருந்தது. கீழறை ஒவ்வொரு சுருக்கத்திலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு விழுக்காட்டை வெளித்தள்ளுகிறது என்பதை வெளியேற்ற வீதம் என்பர். கசியும் வால்வுடைய இதயம், அழுத்தம் குறைந்த மேலறைக்குள் பின்னோக்கியும் எளிதாகத் தள்ளிவிடுவதால், தசை நலிந்த பின்னரும் இவ்வீதம் உயர்வாகவே தோன்றும். பிறருக்கு இயல்பெனப்படும் 60 விழுக்காடு கடுமையான மிட்ரல் கசிவில் எச்சரிக்கைக் கோடாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். புதிய வால்வு அந்த எளிய வழியை அடைத்ததும் எண் இறங்குகிறது. அந்த இறக்கம் அறுவை செய்த தீங்கென்று கலங்கும் குடும்பத்தாருக்கு இவ்விளக்கத்தைப் பொறுமையாக எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை.

எஞ்சிய பகுதி வெட்டப்பட்ட நாண்களால் நேர்ந்தது. நாண்களைக் காத்துக்கொண்டே வால்வை மாற்றும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை 1964இல் முன்வைத்தார். எஞ்சும் திசு புதிய வால்வின் அசைவைத் தடுக்கும் என்ற அச்சத்தால் அது பரவலாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. நாண்கள் இதழ்களைப் பிடித்து நிறுத்துவதோடு, வால்வு வளையத்தையும் கீழறைச் சுவரையும் பிணைத்து அறையின் வடிவத்தையும் சுருங்கும் ஆற்றலையும் காக்கின்றன. அவை அறுபட்டால் அறை உருண்டு விரிகிறது. சக்கரத்தைக் கழற்றுவதால் தேரின் அச்சு வடிவம் மாறுவதில்லை. ஆகவே நாகசேனரின் உவமை உயிருடலுக்கு முழுதும் பொருந்தவில்லை என்றே கொள்ளவேண்டும்.

அவ்வளவில் அவயவிக் கொள்கை வென்றுவிட்டதாகவும் சொல்வதற்கில்லை. வாதக் காய்ச்சலால் நாண்கள் தடித்துச் சுருங்கிப்போனவர்களுக்கு, சில மருத்துவர்கள் செயற்கை இழைகளை வளையத்துக்கும் தசைக்கும் இடையே தைத்து இழந்த பிணைப்பை மீட்கின்றனர். முழுமையைத் தாங்கும் பணியை உயிரற்ற இழையும் ஏற்றுச் செய்கிறது. மேலும், உறுப்பொன்று நீங்கினால் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றும் என்பது வைசேடிகர் கோட்பாடு. அதன்படி அறுவை முடிந்து இயங்கத் தொடங்குவது வேறோர் இதயமாதல் வேண்டும். ஆனால் கசிவு நீடித்த ஆண்டுகளில் தசை அடைந்த நலிவு புதிய வால்வுக்குப் பின்னும் தொடர்கிறது. காரணங்களின் இடையறாத தொடர்ச்சியே பொருள் எனக் கண்ட பௌத்தரின் விளக்கம் இவ்விடத்தில் வலுவானது. கடந்த காலம் தசையில் அவ்வாறு தங்கிவிடுவதால்தான், கடுமையான கசிவு உள்ளவருக்கு மூச்சிரைப்பே தோன்றாத நிலையிலும், சுருங்கிய கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரை எட்டுமானால் அறுவையைத் தள்ளிப்போடலாகாது என்று இன்றைய மருத்துவ நெறிகள் அறிவுறுத்துகின்றன.