மின்கம்பியை அழிக்கும் கை

கணினித் திரைக்கு வால்பேப்பர் செய்யப் பழகுகிறவர்களில் பலர் ஒரு நிலக்காட்சியில்தான் தொடங்குகிறார்கள். கைப்பேசியில் எடுத்த மலைப் படத்தை கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் திறக்கிறார்கள். திரையின் அளவுக்கு வெட்டுகிறார்கள். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுகிறார்கள். பிறகு கண் ஓரிடத்தில் போய் நின்றுவிடுகிறது. மலைக்கு மேலே, வானத்தின் குறுக்கே ஒரு மின்கம்பி. குளோன் டூலை எடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்து வானத்தில் ஒரு கிளிக், அதன்பின் கம்பியின் மேல் ஒரு தீற்று. கம்பி போய்விட்டது, வானம் வந்துவிட்டது. புதிதாகக் கற்பவருக்கு ஆரம்பப் பாடங்களிலேயே இந்த வித்தை கிடைத்துவிடுகிறது. அந்தத் தீற்றுக்குள் ஒரு பழைய அறக் கேள்வி இருப்பதைப் பாடங்கள் சொல்வதில்லை. இருந்ததை இல்லாததாக்கிய இந்தப் படம் பொய்யா? பொய் என்றால் யாரிடம் சொன்ன பொய்? பொய்க்குச் சொல்பவர் ஒருவரும் நம்புகிறவர் ஒருவரும் வேண்டும். தன் திரைக்காகத் தானே செய்துகொண்ட படத்தில் அந்த இருவரும் ஒரே ஆள். மற்ற இடங்களில் பின்னிக்கிடக்கும் இரண்டு கேள்விகள், பிறரை ஏமாற்றுவது பற்றியதும் தன்னை ஏமாற்றிக்கொள்வது பற்றியதும், இங்கே தாமாகப் பிரிந்து நிற்கின்றன.

கை வைக்காத படம் உண்மை, கை வைத்த படம் பொய் என்று உடனே ஒரு பதில் தோன்றும். அது நிற்காது. கைப்பேசிகள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. கணினித் திரைகளில் பல 16:9. அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால் பங்கு போய்விடும். எதையுமே அழிக்காதவரும் அந்தக் கால் பங்கில் எதைக் கைவிடுவது என்று தீர்மானித்தவர்தான். இதைவிட வலுவான சான்று உலகம் முழுவதும் திரைகளில் இருந்த ஒரு படம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்மேடும் நீல வானமும் கணினியில் வரைந்தவை என்றே பலர் நம்பினார்கள். அது கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில், சாலையோரமாக, 1996 ஜனவரியில் சார்ல்ஸ் ஓ'ரியர் எடுத்த புகைப்படம். தான் அதைக் கணினியில் திருத்தவில்லை என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். ஆனால் அவர் பயன்படுத்திய ஃபியூஜி வெல்வியா, நிறங்களை அடர்த்தியாகக் காட்டுவதற்குப் பேர்போன ஃபிலிம். அந்த மேடு புல்வெளியாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அந்த வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கியிருந்தது. கொடிகளைப் பிடுங்கிவிட்ட நிலத்தில் புல் முளைத்திருந்தது. பிற்பாடு அங்கே மறுபடியும் திராட்சை பயிரானது. கோடிக்கணக்கானோர் என்றும் மாறாத சொர்க்கம்போலப் பார்த்த காட்சி, ஒரு நோய்க்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் கிடைத்த சிறிய இடைவெளி. படத்தில் ஒரு புள்ளியும் பொய்யில்லை. ஆனாலும் அந்த நிலத்துக்கு நேர்ந்தது எதுவும் படத்தில் இல்லை. ஆகவே உண்மையின் எல்லையை எடிட்டிங் மென்பொருளின் வாசலில் கோடு போட்டுக் காட்ட முடியாது.

அப்படியானால் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாதா? ஆகாது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் தன் அட்டையில் கிஸா பிரமிடுகளின் படத்தை வெளியிட்டது. படம் கிடைமட்டமானது, அட்டையோ நெடுக்குவாட்டில் இருந்தது. அதற்குள் அடங்கும்படி ஒரு பிரமிடைக் கணினியில் மற்றதை நோக்கி நகர்த்தினார்கள். வால்பேப்பர் செய்பவருக்கு நாள்தோறும் வரும் அதே விகிதச் சிக்கல்தான். புகைப்படக்காரர் நாலடி தள்ளி நின்றிருந்தால் இப்படித்தானே தெரிந்திருக்கும் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அது ஏற்கத்தக்கதல்ல. நேரில் போக முடியாதவர்கள் அந்த இதழின் படத்தைச் சாட்சியாக வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். சாட்சி சொல்பவர் சட்டகத்துக்குப் பொருந்தும்படி சாட்சியத்தை வளைக்கக் கூடாது. இதைவிடப் பன்மடங்கு கொடியது சோவியத் ஒன்றியத்தில் நடந்தது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்தபடி ஒரு புகைப்படத்தில் இருந்த, அப்போதைய ரகசியக் காவல்துறைத் தலைவர் நிக்கோலாய் யெஷோவ் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அதே படத்தில் அவர் இருந்த இடத்தில் கால்வாயின் தண்ணீர் வந்துவிட்டது. செய்முறையைப் பார்த்தால் மின்கம்பியை அழிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை: பக்கத்தில் இருப்பதை எடுத்து வேண்டாததன் மேல் வைப்பது. கருவி ஒன்றாகவே இருக்க, செயலின் தரம் வானுக்கும் மண்ணுக்குமாக விலகுகிறது. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், சொல் பிறருக்கு எந்தத் தீங்கும் செய்யாமலிருப்பதையே வாய்மைக்கு இலக்கணமாக வைக்கிறார். நடந்ததோடு சொல் பொருந்துகிறதா என்பதைவிட, சொல் யாரை என்ன செய்கிறது என்பதை அவர் முன்னால் வைத்தது இத்தகைய இடத்தில் பெரிய துணை. பிரமிட் வாசகரின் நம்பிக்கையைக் கெடுத்தது. கால்வாய்த் தண்ணீர் ஒரு மனிதனின் இருப்பையே மறுத்தது. தன் மேசைக் கணினியில் மட்டும் இருக்கும் மலை யாருக்கு என்ன தீங்கு செய்தது?

வெளியாள் யாருக்கும் இல்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் வள்ளுவர் அதோடு விடவில்லை. தன் நெஞ்சு அறிந்ததைப் பற்றிப் பொய் சொல்லாதே, சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்ற எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. 1797இல் எழுதிய அறநூலில் ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டும், பொய்யை முதலில் தனக்குத் தான் செய்யும் துரோகமாகவே கணக்கிட்டார். கேட்பவர் இல்லாவிட்டாலும் பொய் உண்டு என்பது இந்த இருவரின் தரப்பு. இதை எதிர்கொள்ள ஆதிசங்கரரின் அத்யாசம் என்ற கருத்து உதவும். வேறோரிடத்தில் முன்பு கண்டதை இங்கே இருப்பதாகக் காண்பதே அத்யாசம் என்கிறார் அவர். பிரம்மசூத்திர உரையின் முன்னுரையே அதுதான். குளோன் டூல் செய்வதும் எழுத்துக்கு எழுத்து அதுவே, அங்கே இருந்த வானத்தை இங்கே இருப்பதாகக் காட்டுவது. ஆனால் ஒன்று பெரிதாக வேறுபடுகிறது. அத்யாசத்துக்குச் சொல்லும் வழக்கமான உதாரணத்தில், கயிற்றைப் பாம்பாகக் காண்பவர் தான் ஏற்றிப் பார்க்கிறோம் என்று அறியமாட்டார். அறிந்த கணத்தில் பாம்பு போய்விடும். கம்பியை அழித்தவரோ தன் கையால் ஏற்றியவர், எங்கே ஏற்றினோம் என்று அறிந்தவர். நெஞ்சு அறிந்ததை நெஞ்சிடமிருந்து அவர் மறைக்கவில்லை. அறிவு இருக்கும்வரை அது மயக்கமில்லை, பொய்யுமில்லை.

கேள்வி கடினமாவது இதற்குப் பிறகுதான். அறிவு எத்தனை நாள் இருக்கும்? வால்பேப்பர் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைக்கும் படம் கிடையாது. தினம் பலமுறை, பாதிக் கவனத்தில், வேறு வேலைகளுக்கு நடுவே கண்ணில் படுகிறது. சில மாதங்களில் அழித்த இடம் மறந்துபோகும். கம்பியில்லாத மலையே நினைவில் மலையாகும். அடுத்த முறை நேரில் போகும்போது கம்பி உறுத்தும், உலகம் தன் படத்தைவிட ஒரு படி குறைவாகத் தோன்றும். தத்துவஞானி ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட 'தி சாவ்ரின்டி ஆஃப் குட்' நூலில், அற வாழ்வின் பெரும் பகை நமக்கு நாமே ஆறுதலாகப் புனைந்துகொள்ளும் கற்பனைதான் என்று வாதிட்டார். நம் விருப்பத்தின் திரையை விலக்கி எதிரில் உள்ளதை உள்ளபடி கவனிப்பதே அவருக்கு அறத்தின் தொடக்கம். அவர் வழியில் நின்று கேட்டால், அழிக்கப்பட்ட கம்பி என்பது விருப்பத்துக்கு ஒத்துவராத உலகத்தை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தள்ளிவைக்கும் பழக்கம். அந்தக் கம்பி வழியாகத்தான் மலையடிவாரத்து வீடுகளில் விளக்கு எரிகிறது. அதை அசிங்கமாகக் காணக் கண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது நல்ல கல்வியா? நான் பார்த்தவரை இந்தத் தடைக்கு முழுவிடை கிடையாது. அழிப்பது எதை என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1944இல் லோன் பைன் என்ற ஊரிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்காலச் சூரியோதயத்தைப் படமெடுத்தார். முன்னால் இருந்த இருண்ட குன்றில் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளை வெள்ளையில் பெரிதாக அமைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றைப் படத்திலிருந்து நீக்கினார்; நீக்கியதைத் தானே எழுதி, குறை சொன்னவர்களுக்குப் பதிலும் சொன்னார். மலையின் மேல் இருந்த அந்தத் தழும்பை நிலைக்கவைக்கும் அளவுக்குத் தான் தூய்மைவாதி இல்லை என்பது அவர் நிலை. அந்த எழுத்துகளை நீக்கியதால் எவருடைய முறையீடும் அழியவில்லை. இன்னொரு மலையை நினைத்துக்கொள்ளலாம்: பாதி கல்குவாரிக்குப் போய், வெட்டிய முகம் வெள்ளையாகத் தெரியும் மலை. அதே குளோன் டூலால் அந்த வெட்டைப் பாறையும் புதருமாக மூடிவிடலாம். அப்படிச் செய்தால் போனது பார்வைக்கு இடைஞ்சலான ஒரு கோடு மட்டுமில்லை. மலையடியில் தூசியைச் சுவாசிக்கிறவர்களின் முறையீடும் அதோடு போய்விடுகிறது. யாரும் பார்க்காத திரையாக இருந்தாலும் அங்கே வள்ளுவர் சொன்ன சூடு உண்டு என்றே எண்ணுகிறேன். அந்தக் காயத்தை அறியவேண்டியவர்களில் படத்தைச் செய்பவரும் ஒருவர்.

மீதிப் பாதி விடை வேலை செய்யும் முறையில் இருக்கிறது. கம்பியைச் சுத்தமாக நீக்க முயன்றவருக்குத் தெரியும், வானம் ஒரே நீலம் இல்லை. தொடுவானத்தை நெருங்க நெருங்க அது வெளுக்கிறது. தவறான உயரத்திலிருந்து எடுத்த நீலம் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பி ஒரு மரக்கிளையைக் கடக்கும் இடத்தில், இலைகளுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று நிதானித்துப் பார்த்தாக வேண்டும். கையால் திருத்துவதற்கு, திருத்தாமல் விட்டவர் ஒருபோதும் பார்த்திராத அளவுக்கு அந்த மலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மர்டாக் கேட்ட கவனம் இதில் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரே தொடுதலில் ஆட்களையும் கம்பிகளையும் தானே கண்டுபிடித்து நீக்கித் தரும் புதிய கைப்பேசி வசதிகளிடம் எனக்குள்ள தயக்கம் இங்கிருந்து வருகிறது. அவை கவனிக்கும் உழைப்பை எடுத்துக்கொண்டு, விருப்பம் நிறைவேறியதை மட்டும் நம் கையில் தருகின்றன.

கற்பவருக்கு நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. மூலப் படத்தின் மேல் நேரடியாக அழிக்க வேண்டாம். அதற்கு மேலே வெறுமையான புதிய லேயர் ஒன்றைச் சேர்த்து, குளோன் டூலில் எல்லா லேயர்களிலிருந்தும் மாதிரி எடுக்கும் தேர்வை இயக்கிவிட்டு, தீற்றல்களை அந்த லேயரில் மட்டும் வைக்க வேண்டும். கோப்பை கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் சேமித்தால் மூலமும் திருத்தமும் தனித்தனியாகவே இருக்கும். லேயருக்குப் பக்கத்திலுள்ள கண் குறியைச் சொடுக்கினால் கம்பி திரும்ப வந்து நிற்கும். இதை வெறும் தொழில்நுட்ப எச்சரிக்கையாகத்தான் பாடங்கள் சொல்கின்றன; எனக்கு இது அறம் சார்ந்த ஒழுங்காகவும் தெரிகிறது. காலப்போக்கில் மறந்துபோகும் என்பதுதானே பெரிய தடை? மறந்துபோகக்கூடியதை மறக்க முடியாத இடத்தில் வைத்துவிடுகிறோம். யெஷோவை அழித்தவர்கள் விரும்பியதற்கு நேர் எதிரானது இது. அவர்களுக்கு மூலம் எங்குமே இருக்கக் கூடாது.

ஒரு வால்பேப்பருக்கு இவ்வளவு விசாரமா என்று கேட்கலாம். பெரிய பொய்களைச் சொல்லும் சந்தர்ப்பம் நம்மில் பலருக்கு வாழ்க்கையில் சிலமுறைதான் வருகிறது. கண்ணுக்குப் பிடிக்காததைப் பார்வையிலிருந்து தள்ளிவிடும் சந்தர்ப்பம் தினமும் வருகிறது; பழக்கம் உருவாவது அங்கேதான். அதற்காக, கம்பியை எப்போதும் விட்டே வைக்க வேண்டும் என்று சொல்லும் துறவும் எனக்கு உடன்பாடில்லை. வேலை நேரத்தில் கண்ணுக்கு ஓய்வு தரும் ஒரு தெளிந்த வானத்தைச் செய்துகொள்வதில் குற்றம் எதுவும் இல்லை.

படம் கைமாறும்போது மட்டும் கணக்கு மாறுகிறது. திரையில் வைப்பதற்காக பிஎன்ஜி அல்லது ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது லேயர்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பெறுபவரிடம் கண் குறி கிடையாது, கீழே கம்பி கிடையாது. செய்தவரிடம் இருந்த அறிவு கோப்போடு பயணம் செய்வதில்லை. அதுவரை ஒரே ஆளாக இருந்த இருவர் அப்போது உண்மையிலேயே இருவராகிறார்கள். நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டைக்குப் பொருந்திய நியாயம் அந்த நொடியிலிருந்து இதற்கும் பொருந்தும். நண்பருக்கு அனுப்பினாலும் பொதுவெளியில் வைத்தாலும், மலை எங்கே இருக்கிறது என்று எழுதும் அதே வரியில், மேலே ஒரு மின்கம்பி இருந்தது, நீக்கியிருக்கிறேன் என்றும் எழுதிவிட வேண்டும்.