முயற்சியின் கூலி: ஓட்டக்காரன் ஒருவனை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முயன்றவன் பெறுவான் என்ற நம்பிக்கையின்மீதே மனித வாழ்வின் பெரும்பகுதி கட்டப்பட்டுள்ளது. பரீட்சை மண்டபத்தினுள் நுழையும் மாணவனும் வயலில் விதை தூவும் உழவனும் அந்நம்பிக்கையைக் கொண்டே தத்தம் கருமங்களை ஆற்றுகின்றனர். ஆயினும், உழைத்தவன் தோற்பதும் அவனினும் குறைவாக உழைத்தவன் வெல்வதும் அன்றாடக் காட்சிகளாகவே உள்ளன. அங்ஙனமாயின், முயற்சிக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு யாது? பயன் கிட்டாத முயற்சி வீண்முயற்சிதானா?

இவ்வினா தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘ஊழ்’ என்றோர் அதிகாரம் உண்டு. ‘ஆள்வினையுடைமை’ என்றோர் அதிகாரமும் உண்டு. முன்னையது விதியின் வலிமையை விரித்துரைக்கின்றது. பின்னையதோ, விதி துணைநில்லாதவிடத்தும் உழைத்த உடலுக்குரிய ஊதியம் தவறாது என உறுதி கூறுகின்றது. வெற்றி கைகூடாதபோதும் கிட்டுவதாகச் சொல்லப்படும் அவ்வூதியம் எத்தகையது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

இதனை ஆராய்வதற்கு நெடுந்தூர ஓட்டக்காரன் ஒருவன் ஏற்ற சான்றாவான். பிற துறைகளில் செல்வாக்கும் நாவன்மையும் முயற்சியின் அளவை மறைத்துவிடக்கூடும். ஓட்டத்திலோ தூரம் நிலையானது. கடிகாரம் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. அவ்வோட்டக்காரன் புகழ்பெற்ற வீரனாக இருத்தலும் வேண்டியதில்லை. ‘அமெச்சூர்’ எனப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல், நேசிப்பவன் என்றே பொருள்படும். பிற்காலத்தில் விளையாட்டு நிறுவனங்கள் அதனைக் ‘கூலி பெறாதவன்’ என்ற பொருளுக்குக் குறுக்கின. 1912இல் இரண்டு ஒலிம்பிக் தங்கப்பதக்கங்களை வென்ற ஜிம் தோர்ப், முன்னர் பணம் பெற்று பேஸ்போல் ஆடினார் என்ற காரணத்தால் 1913இல் அவற்றை இழந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், 1983இல் பதக்கங்கள் அவர் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. 2022இலேயே அவர் மீண்டும் தனி வெற்றியாளராக ஏற்கப்பட்டார். கூலி பெறாதவனே தூயவன் எனக் கொண்ட அவ்விதி, அவன் எதனைப் பெறுகின்றான் என்ற வினாவை எழுப்பவே இல்லை.

மாகாண நகரமொன்றில் கற்பிக்கும் முப்பது வயது ஆசிரியன் ஒருவனைக் கொள்க. பாடசாலைக்குச் செல்லுமுன், விடியற்பொழுதில், அவன் ஓடத் தொடங்குகின்றான். முதல் வாரங்களில் ஒரு மைல் தூரமே அவனுக்கு மூச்சிரைப்பைத் தருகின்றது. மூன்று மாதங்களில் ஐந்து கிலோமீற்றரை நில்லாது ஓடுகின்றான். இதில் விந்தையில்லை. இடைவிடாப் பயிற்சியால் குருதியின் அளவு பெருகுகின்றது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைச் செலுத்துகின்றது. தசைகளில் நுண்குழாய்கள் பல்குகின்றன. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விளையாட்டுக் கழகம் நடத்தும் மரதன் ஓட்டத்தில் முதலாண்டு நாற்பதாம் இடத்தைப் பெற்றவன், மறு ஆண்டு பத்தொன்பதாம் இடத்தை எட்டுகின்றான். ‘உழைத்தேன், பெற்றேன்’ என்பது அவனது அக்காலத்துத் தத்துவம்.

மூன்றாம் ஆண்டில் அத்தத்துவம் தளர்கின்றது. முன்னேற்றத்தால் ஊக்கமுற்று ஓடும் தூரத்தை விரைந்து கூட்டியமையால் முழந்தாளின் கீழ் முன்னெலும்பில் நோவு தோன்றுகின்றது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிற் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாணும் உறுதிபெற மாதங்கள் வேண்டும். ஊக்கம் இவ்வேறுபாட்டை அறியாது. ஓய்வு கட்டாயமாகின்றது. இரண்டு மூன்று வாரங்கள் ஓடாதிருப்பின், அரிதிற் பெற்ற ஆற்றல் குறையத் தொடங்கிவிடும். மீண்டும் பந்தயத்துக்கு வருகின்றான். சில வாரங்களே பயிற்சி பெற்ற மாணவன் ஒருவன் இறுதி மைலில் அவனை இலகுவாகக் கடந்து செல்கின்றான். அவன் முப்பத்தோராம் இடத்தையே பெறுகின்றான். அன்று அவன் கூறுவது, ‘எல்லாம் பிறவிப் பயன், உழைப்பினால் ஆவதொன்றுமில்லை’ என்பதாகும்.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் ஒரே பிழையின் இரு முகங்களே. ஏற்றக்காலத்தில் தனக்கு அருளப்பட்டவற்றை அவன் தன் உழைப்பின் கணக்கில் எழுதினான். இறக்கக்காலத்தில் தன் அவசரத்தால் விளைந்ததை விதியின் கணக்கில் எழுதினான். உண்மையில், ஒரே பயிற்சியை ஒரே காலம் மேற்கொள்வோரிடத்தும் விளையும் ஆற்றல் பெரிதும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி மரபுவழி வருவது. அவனைக் கடந்த மாணவன் அதற்காக எக்குற்றமும் இழைத்தவனல்லன். முன்னர் அவனாற் பின்தள்ளப்பட்டவர்களும் சோம்பேறிகளல்லர்.

உடல் மட்டுமன்று, முயல்வதற்கான வாய்ப்பே ஒரு கொடைதான். விடியலில் அவன் ஓடுகையில் வீட்டில் அடுப்பு மூட்டுபவள் ஒருத்தி இருக்கின்றாள். அவளுக்கு ஓடுவதற்குப் பொழுதுமில்லை, வீதி அவளுக்கு அவ்வளவு இசைவானதாகவும் இல்லை. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஊரடங்கு, சோதனைச் சாவடி, இடப்பெயர்வு என்பவற்றிடையே வாழ்ந்த இளைஞர் பலருக்கு, விடியுமுன் தனியே வீதியில் ஓடுதல் எண்ணிப்பார்க்கவும் இயலாத செயலாயிருந்தது. அவர்களுள் எத்துணை நல்ல ஓட்டக்காரர் இருந்தனர் என்பதை எக்கடிகாரமும் அளந்ததில்லை. ஆதலின், ‘உழைத்தேன்’ என்ற சொல்லுக்கு முன் ‘உழைக்க விடப்பட்டேன்’ என்ற சொல் நிற்றல் வேண்டும்.

இனி, உலகறிந்த ஓட்டமொன்றை நோக்கலாம். 1964இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவின் 10,000 மீற்றர் ஓட்டம், இவ்வினாவுக்குரிய மூவகை விடைகளையும் ஒரே திடலில் வைத்துக் காட்டிற்று. எவரும் எதிர்பாராத அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் முதலிடம் பெற்றார். அத்தூரத்துக்கான உலக சாதனையை அப்போது தம்வசம் வைத்திருந்த அவுஸ்திரேலியரான ரொன் கிளார்க் மூன்றாமவராக வந்தார். பல உலக சாதனைகளை நிலைநாட்டிய அவருக்கு இறுதிவரை ஒலிம்பிக் தங்கம் கிட்டவே இல்லை. ஒலிம்பிக் வெற்றியாளரான எமில் சாட்டோபெக், தாம் 1952இல் வென்ற தங்கப்பதக்கங்களுள் ஒன்றைப் பின்னர் கிளார்க்குக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஓடியவனே ஓடியவனின் தகுதியை அறிந்து வழங்கிய பரிசு அது.

மூன்றாமவர் இலங்கையரான ரணதுங்க கருணானந்த. ஏனையோர் அனைவரும் ஓடி முடித்த பின்னரும் அவர் சுற்றுகள் சிலவற்றை ஓடவேண்டியிருந்தது. வெற்று ஓடுபாதையில் அவர் தனியே ஓடினார். முதலில் பார்வையாளரிடையே ஏளனம் எழுந்தது. அடுத்த சுற்றில் அது அடங்கிற்று. இறுதிச் சுற்றில் அரங்கம் முழுவதும் கைதட்டி ஆர்ப்பரித்தது. அவரது கதை ஜப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. அந்தக் கைதட்டல் இரக்கத்தாற் பிறந்ததெனின் அதற்குப் பெருமதிப்பில்லை. அவர் கடைசியாக வந்தமைக்காக எவரும் அவரைப் போற்றவில்லை. ஓடுவதாக ஏற்றுக்கொண்ட தூரம் இருபத்தைந்து சுற்றுகள். பிறர் முடித்துவிட்டமையால் அது குறைந்துவிடாது என்பதை அவர் தம் கால்களாற் கூறினார். ஏளனம் செய்த அரங்கம் அவ்வுண்மையைக் கண்டதும் தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வெற்றியே வேண்டாவெனின் போட்டி எதற்கு என்பது ஒன்று. பயனிற் பற்று வையாது கருமம் ஆற்றுக என்ற கீதையின் போதனையைச் சிலர் பயனில் அக்கறையின்மை எனப் பொருள்கொள்வர். அது பொருந்தாது. முன்னே செல்பவனை முந்தும் விருப்பமின்றி ஓடுபவன் தன் முழு ஆற்றலையும் வெளிக்கொணர மாட்டான். அவன் பெறும் நேரமும் அவனைப் பற்றிய உண்மையைக் கூறாது. வெற்றி இலக்காதல் வேண்டும்; ஆனால் முயற்சியின் மதிப்பு முழுவதும் அவ்விலக்கிலேயே தங்கியிருப்பதில்லை. இலக்கு வேறு, மதிப்பு வேறு.

மற்றைய மறுப்பு இதனினும் வலியது. உழைப்பே உழைப்புக்குக் கூலி என்பது உழைப்போரை ஏமாற்றும் பேச்சன்றோ என்பதே அது. இம்மறுப்பு நியாயமானது. மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இக்கட்டுரையின் முடிவைக் காட்டி, அவளது நாட்சம்பளத்தைக் குறைக்க எவரேனும் முற்படின் அது அநீதியாகும். அவள் பிறருக்காக உழைக்கின்றாள். அவளுக்குரிய கூலி பணமே. ஓட்டக்காரன் தானே தேர்ந்துகொண்ட வருத்தத்தை ஏற்பவன். தானே தேர்ந்த முயற்சிக்கு மட்டுமே இங்கு கூறப்படும் ஊதியம் பொருந்தும். இவ்வெல்லையை மறந்தால் அறவியல் சுரண்டலுக்குத் துணைபோய்விடும்.

அவ்வூதியம் யாதெனின், தன் அளவைத் தான் உள்ளவாறு அறிதல் என்க. ஏற்றம் மட்டுமே கண்டவன் தன்னை மிகுத்து மதிப்பான். இறக்கம் மட்டுமே கண்டவன் குறைத்து மதிப்பான். இரண்டையும் தன் உடலிற் பட்டு உணர்ந்தவனே, தன்னால் ஆவது இது, தனக்கு அருளப்பட்டது இது, தன் பிழையால் இழந்தது இது எனப் பிரித்தறியும் கண்ணைப் பெறுகின்றான். அவ்வறிவு கிட்டியவிடத்துப் பொறாமைக்கு இடமில்லை. வென்றவன் களவாடியதாக அவனுக்குத் தோன்றாது. செருக்குக்கும் இடமில்லை, பின்னே வருபவன் உழைக்காதவன் என அவன் எண்ணமாட்டான். இவ்வறிவை வெற்றி தரவும் இயலாது, தோல்வி பறிக்கவும் இயலாது. விதி கைவிட்டவிடத்தும் தவறாத ஊதியம் என்பது இதுவேயாகலாம்.

அடுத்த புத்தாண்டு ஓட்டத்தில் அவ்வாசிரியன் இருபத்தாறாம் இடத்தைப் பெறுகின்றான் எனக் கொள்க. முன்னர் எல்லைக்கோட்டைக் கடந்ததும் தன் நேரத்தைக் கேட்டறிந்து வீடு திரும்பிவிடுவது அவன் வழக்கம். இம்முறையும் நேரத்தைக் கேட்கின்றான். அதன்பின் வீதியோரத்து மரநிழலில் நிற்கின்றான். வெயில் ஏறுகின்றது. கூட்டம் கலைகின்றது. வீதியின் வளைவில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவன் தென்படுகின்றான். அவன் வந்து சேரும் வரை அவ்வாசிரியன் அங்கேயே நிற்கின்றான்.