நான்காம் விடை

பட்டப்படிப்பை முடித்து அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர் எழுதும் பரீட்சைகளுள் ஜி.ஆர்.இ. என்பது ஒன்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அது சுருக்கப்பட்ட பின், அதன் கணிதப் பகுதியில் 27 கேள்விகளுக்கு 47 நிமிஷம் தரப்படுகிறது. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 104 விநாடி. கேட்கப்படுவனவோ விகிதம், சதவீதம், முக்கோணம், எளிய சமன்பாடு முதலிய பள்ளிக்கூடத்துக் கணக்குகளே. பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையிலோ கிள்ளானில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ இரவில் இக்கணக்குகளோடு மல்லாடும் நம் இளைஞரைப் பார்த்து, “இத்தனை வயதில் பள்ளிக் கணக்கா? மதிப்பெண் வாங்குவதைத் தவிர இதனால் என்ன பயன்?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண, அப்பரீட்சையில் வரும் ஒரு வகைக் கணக்கைச் சற்று ஆராய்வோம்.

அவ்வகையில் இரண்டு அளவுகள் கொடுக்கப்படும். அவற்றை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய விடைகள் நான்கு. முதலாவது பெரிது, இரண்டாவது பெரிது, இரண்டும் சமம், கொடுத்துள்ள விவரங்களைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. இந்த நான்காம் விடையே நம் சிந்தனைக்கு உரியது. சுழியைவிடப் பெரிய ஓர் எண்ணும் அதன் வர்க்கமும் உள்ளன, எது பெரிது? மாணவன் 2 என்று வைத்துப் பார்க்கிறான்; வர்க்கம் 4. மூன்றுக்கு 9, பத்துக்கு 100. மூன்று சாட்சிகளும் ஒரே குரலில் பேசிவிட்டன. வர்க்கமே பெரிது என்று குறித்துவிட்டு மேலே ஓட மனம் பரபரக்கிறது. ஆனால் அரையை எடுத்தால் அதன் வர்க்கம் கால், சிறுத்துவிடுகிறது. ஒன்றை எடுத்தாலோ இரண்டும் சமம். எனவே, தீர்மானிக்க இயலாது என்பதே சரியான விடை.

தவறு எங்கே நேர்ந்தது? பெருக்கலில் அன்று, அவன் பெருக்கியதெல்லாம் சரியே. சாட்சிகளை அழைத்த முறையில் நேர்ந்தது. தனக்குப் பழக்கமான எண்களையே அவன் அழைத்தான். பின்னத்தை அழைக்க நினைக்கவில்லை. அழைக்கப்படாத சாட்சி பேசாதிருந்ததை, அப்படி ஒரு சாட்சியே இல்லை என்று கொண்டான். கணக்கில் இதற்கு ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவே. மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது இதே தவற்றைச் செய்தால் போவது எது?

“தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது” என்று நம்மிடையே எத்தனை காலம் சொல்லி வந்தோம்! சொன்னவர்கள் தங்களிடம் சாட்சி இல்லாமலா சொன்னார்கள்? இன்னார் மகன் தவறினான், இன்னார் மகள் தவறினாள் என்று பத்துப் பெயர்களைச் சொல்வார்கள். ஆனால் அப்பிள்ளைகள் படித்த பள்ளி எது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர், ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும். அதற்கு மேல் படிக்க வழியில்லை. அந்தக் கொட்டகையைக் கணக்கில் சேர்க்காமல் பிள்ளையின் மூளைக்கு மட்டும் விலை போட்டோம். 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கல்வி முயற்சிகள், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்ய முற்பட்டபோது, அதுவரை அழைக்கப்படாத சாட்சி பேசத் தொடங்கியது. “பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?” என்ற பேச்சும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

பரீட்சையே இத்தவற்றைச் செய்ததற்குக் கணித மேதை இராமாநுஜன் சாட்சி. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை அவர் இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கணிதம் அல்லாத பாடங்களே அவரைத் தடுத்தன. அவரே 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். இதில் கவனிக்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. இளமையில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் நூல், பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்யும் ஆசிரியர் ஒருவர் தொகுத்த சூத்திரக் கோவையே. ஆயிரக்கணக்கான முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இன்றி. மற்றவர் மனப்பாடம் செய்திருப்பர். அவரோ ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று தாமே காண முயன்றார். குறுக்குவழிப் புத்தகமும், ஏன் என்று கேட்பவன் கையில் அறிவு நூலாகிறது.

நிற்க. இங்கு இரண்டு தடைகள் எழலாம். எதற்கெடுத்தாலும் “தீர்மானிக்க இயலாது” என்பது சோம்பேறியின் புகலிடம் ஆகாதா என்பது முதல் தடை. ஆகும்; அதையும் கணக்கே தடுக்கிறது. இரண்டு அளவுகளும் அறிந்த எண்களாகவே இருந்தால், நான்காம் விடை ஒருபோதும் சரியாகாது. வருந்தி முயன்றால் முடிவு கிடைத்தே தீரும். தெரியாத எண் உள்ள இடத்திலும், ஒன்றுக்கொன்று மாறான முடிவு தரும் இரண்டு உதாரணங்களையேனும் காட்டினால்தான் நான்காம் விடையை உறுதியாகச் சொல்லலாம். ஆகவே ஐயத்துக்கும் சான்று வேண்டும். “எனக்குத் தெரியவில்லை” என்பது ஒன்று. “இவ்வளவு விவரத்தால் எவராலும் அறிய முடியாது” என்பது வேறொன்று. முன்னது அயர்வாகவும் இருக்கலாம். பின்னது உழைப்பின் பயன்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. இடங்கள் சில, கேட்போர் பலர். யாரையாவது தெரிந்தெடுத்தே ஆக வேண்டிய பல்கலைக்கழகம், தீர்மானிக்க இயலாது என்று கைகட்டி நிற்க முடியுமா? முடியாது. ஆனால் தெரிந்தெடுப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. ஜி.ஆர்.இ.யை நடத்தும் நிறுவனமே, மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஒருவரைச் சேர்ப்பதோ விலக்குவதோ கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்துகிறது. மலேசியாவில் 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000 என்பதிலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும், பூமிபுத்திரருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்ற பங்கீடு அப்படியே வைக்கப்பட்டது. அப்பங்கீடு நியாயமா என்பது தனியே வாதிக்கத்தக்கது. எனினும் இடம் கிடைக்காத பிள்ளையின் அறிவைப் பற்றி அந்த எண்கள் யாதொன்றும் சொல்லவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. “உனக்கு இடம் இல்லை” என்று ஒரு வாயில் சொல்லலாம். “உனக்குத் திறமை இல்லை” என்று சொல்ல அதற்கு ஏது உரிமை? அப்பிள்ளை தன் வீட்டாரிடமிருந்தே இந்த இரண்டாம் வாக்கியத்தைக் கேட்க நேர்வதுதான் கொடுமை.

அப்பரீட்சையில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலால் நேரம் முடியும் தறுவாயில் மாணவன் ஊகித்து ஒன்றைக் குறிக்கலாம். அதில் அறக்கேடு ஒன்றும் இல்லை. பிறர் வாழ்வைப் பற்றிய ஊகமோ அத்தகையதன்று. ஊகித்தவனுக்குத் தண்டனை கிடையாது. ஊகிக்கப்பட்டவன் அதைச் சுமக்கிறான். மருமகள் தேடும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும், பெயரையும் ஊரையும் நிறத்தையும் கொண்டு 104 விநாடிகூட ஆகுமுன் நாம் குறித்துவிடும் விடைகள் எத்தனை! அவற்றுள் எத்தனைக்குப் பின்னத்தை அழைத்து விசாரித்தோம்?

இளைஞரே, மதிப்பெண்ணுக்காகவே படியுங்கள். அதில் வெட்கம் வேண்டா. பரீட்சை மண்டபத்தில் விரைவு வேண்டும். குறுக்குவழி தெரிந்தால் அதிலேயே செல்லுங்கள். ஆனால் இரவில் தனியே பயிலும்போது, கடிகாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒவ்வொரு விடையிடமும் “ஏன்?” என்று கேளுங்கள். “நான் அழைக்காத எண் எது?” என்று உங்களையே கேளுங்கள். முக்கோணத்தின் பரப்பு சில ஆண்டுகளில் மறந்துபோகலாம். மாறான சாட்சியைத் தேடிச் சென்று விசாரிக்கும் பழக்கம் மறவாது. அப்பழக்கம் உடையவர் கையில் நாளை ஒருவருடைய வேலையோ படிப்போ மானமோ வந்து சேரும்போது, அவர் தீர்ப்பை எழுதுமுன் ஒரு கணம் தயங்குவார். பள்ளிக்கணக்கின் பயன் என்ன என்று கேட்டார்களே, அந்தத் தயக்கமே அதன் பயன்.