பிரிவும் ஒரு கடனே!

சிவகிரி மலையடிவாரத்து ஊர்; வயலும் தோட்டமும் உள்ள ஊர்தான். ஆனாலும் "விசா வந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் பெருநாள் வந்ததுபோல் ஆகிவிடுகிறது. நகைகள் அடகுக்குப் போகின்றன. துஆ செய்து வழியனுப்புகிறோம். மனைவி மக்களை அழைத்துப் போவதா, விட்டுப் போவதா என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "சம்பாதிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சவூதி அரேபியாவில் உடன் வசிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் என்று 2017 ஜூலையில் விதித்தார்கள். அது ஆண்டுதோறும் ஏறி, 2020 ஜூலையில் 400 ரியாலானது. 4,000 ரியால் சம்பளக்காரர் ஒருவர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரியால் இதற்கே போகும். மீதி 2,800 ரியாலில் வாடகை, பள்ளிக் கட்டணம், சாப்பாடு எல்லாம் ஆகவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்திலோ 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்று 2019-இல் விதி செய்தார்கள். வேலை போனால் குடியிருப்பு அனுமதியும் போகும். நடுவருடத்தில் பிள்ளையின் படிப்பும் நிற்கும்.

ஆகவே, "எப்படியாவது கூட்டிப் போய்விடு" என்று நாம் சொல்லமாட்டோம். அவரவர் வசதிக்கேற்பவே செலவு செய்யவேண்டும், அல்லாஹ் கொடுத்ததற்கு மேல் எவரையும் சிரமப்படுத்துவதில்லை என்பது திருமறையின் தலாக் அத்தியாயம் 65:7 தரும் பாடம். பிறர் மெச்சக் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவது அதற்கு மாறானது. கடன் சுமையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களே தொழுகையில் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்.

அப்படியானால் விட்டுப் போவதுதான் சரியா? இங்கேதான் நம் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. மிச்சமாகும் ரியாலை வரவில் எழுதுகிறோம். மனைவியின் தனிமையையும், தகப்பனைத் தொலைபேசியில் மட்டுமே அறிந்த குழந்தையின் ஏக்கத்தையும் செலவில் எழுதினோமா?

ஹஜ்ரத் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்ட கணவரிடமிருந்து உறவினரால் பிரிக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு மக்காவின் அப்தஹ் வெளியில் அமர்ந்து அழுதார்கள். ஈமானில் மலைபோன்ற அவர்களுக்கே பிரிவு அப்படியிருந்தது. கணவன் போர்முனையில் இருக்க, ஒரு பெண் இரவில் புலம்பியதைக் கேட்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எத்தனை நாள் பொறுப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்குமேல் வீரர்களை நிறுத்தி வைக்காதீர்கள் என்று தளபதிகளுக்கு உத்தரவு போனது.

கவனியுங்கள்! கலீபா தாமாக முடிவு செய்யவில்லை; ஒரு பெண்ணிடம் கேட்டார்கள். நாம் வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறோமா? "உனக்காகத்தானே போகிறேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறோம். யாருக்காகப் போகிறோமோ அவரைக் கேளாமல் போவது என்ன நியாயம்?

கடன் கொடுத்தால் தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள் என்பது பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் இடும் கட்டளை. பிரிவும் மனைவி மக்களிடம் நாம் வாங்கும் கடன்தான். அதற்கும் தவணை வேண்டாமா? "வீடு கட்டி முடியட்டும், பிறகு தங்கச்சி கல்யாணம்" என்று தள்ளிக்கொண்டே போனால் தலை நரைத்துவிடும். திரும்பி வரும்போது கட்டிய வீடு இருக்கும். பிள்ளையின் பிள்ளைப் பருவம் இருக்காது.

ஆகவே, பயணத்துக்கு முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து மஷ்வரா செய்யட்டும். இந்திய விதிப்படி பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் வரியும்தான். அதற்குமேல் கொடுத்துக் கடனைப் பெருக்காதீர்கள். அழைத்துப் போகச் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு, எந்த ஆண்டு முடிவாகத் திரும்புவது என்பதை எழுதி மனைவி கையில் கொடுங்கள்.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க அஞ்சுகிற நாம், வாங்கிய நாட்களைத் திருப்பிக் கொடுக்கவும் அஞ்சுவோமாக. அல்லாஹ் நம் ரிஸ்கிலும் குடும்பங்களிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.