கள்ளச்சாவி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி அகப்படவில்லை. திண்டுக்கல் பூட்டு. உள்ளே ஒவ்வொரு லீவரும் அதனதன் உயரத்துக்கு எழும்பினால்தான் நாக்கு பின்வாங்கும். செம்பட்டி பஸ் ஸ்டாண்டு அருகே சாவி போடுகிறவரை அழைத்து வந்தேன். பையில் அரம், வளைத்த கம்பிகள், சிறிய சுத்தியல். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாரு பெட்டி தம்பி?”

அப்பாவுடையது என்றேன்.

“பெரியவுங்க யாராச்சும் வந்து நிக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில், என் தகப்பனார் பெட்டிக்கு நான் சாட்சி தேட வேண்டுமா?

பிறகு யோசித்தபோது, நான் ஒரு நிமிஷம் அனுபவித்ததை அவர் தொழிலில் இருப்பவர்கள் தலைமுறைகளாக அனுபவித்திருக்கிறார்கள் என்று பட்டது. வீடு உடைக்கும் கருவியைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பவனை வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், காரணத்தை நிரூபிப்பது அவன் பொறுப்பு என்றது 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1973ஆம் வருஷச் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. 2010ல் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் அந்த வாசகம் போயிற்று. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைச் செய்யும் அறிவும் திறக்கும் அறிவும் ஒன்றுதான். ஒன்றுக்குச் சான்றிதழ், மற்றதற்குச் சந்தேகம்.

பாஷையும் இதற்கு உடந்தை. தன் வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் செய்துகொள்ளும் மறுசாவியையும் கள்ளச்சாவி என்றே சொல்கிறோம்.

திருட்டுக் கொடுத்தவனிடம் இந்தத் தர்க்கம் செல்லாது. திறக்கத் தெரிந்தவர்களைப் பதிவு செய்தால் என்ன என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் பூட்டுத் தொழிலாளி அரசிடம் உரிமம் பெறவேண்டும். பிரிட்டனில் அப்படி இல்லை. ஆனால் உரிமம் கையின் பூர்வீகத்தைச் சொல்லும். இன்றைக்கு இந்தக் கதவின் முன் அந்தக் கை ஏன் நிற்கிறது என்று சொல்லாது. பதிவேடு என்றதும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1871ல் பிறந்து, 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, இங்கே 1947ல் நீக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். மதுரைச் சீமைக் கிராமங்களில் ரேகை கொடுத்தவர்களிடம் கம்பிகூட இருக்கவேண்டிய அவசியமில்லை. பிறப்பே கருவியாகக் கணக்கிடப்பட்டது.

செம்பட்டிக்காரர் என் ஜாதியைக் கேட்கவில்லை, தொழிலைக் கேட்கவில்லை. பெட்டி யாருடையது என்று மட்டும் கேட்டார். கருவி வைத்திருப்பவன் மேல் சட்டம் சுமத்திய பாரத்தை, திறக்கச் சொல்பவன் மேல் மாற்றி வைத்தார். உரிமம் என்று ஒன்று வந்தால் அதில் இந்தக் கேள்வியைத்தான் கட்டாயமாக்க வேண்டும். வைத்திருப்பதை அல்ல, செய்வதை அது பார்க்கட்டும்.

அத்தை வந்து நின்றாள். பத்து நிமிஷத்தில் பூட்டு திறந்தது. அவர் மூடியைத் தொடவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அவருக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. சட்டப்படி வாரிசு நான். ஆனால் அம்மா போனபின் அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். யாரிடமிருந்து அவர் அதைப் பூட்டி வைத்திருந்தார் என்ற கேள்வி, மூடியின் மேல் கை வைத்தபோதுதான் எனக்கு எழுந்தது.